ஒரு குதிரையும் மூன்று விரிசல்களும்: பழைய ஸ்டான்டன் செட் ஒன்றைப் படியெடுத்த நிகழ்வு

பின்னணி

இதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறோம். செட்டின் சொந்தக்காரர் பல வருடம் செஸ் போட்டிகளில் நடுவராக இருந்தவர். பழைய காய்களைச் சேர்ப்பது பின்னால் தொற்றிக்கொண்ட பழக்கம். இரண்டாமவர் அமிர்தசரஸில் பட்டறை வைத்திருப்பவர். உலகெங்கும் விற்கும் நல்ல மரக் காய்களில் கணிசமானவை அந்த ஊரில் கடைந்து செதுக்கியவை. மூன்றாவது நான்: அளவெடுத்தது, கடிதம் எழுதியது, கடைசியில் விரிசலை எண்ணியது என் வேலை. தவறுகளில் பாதி என் கையெழுத்திலேயே இருப்பதால், இதை எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

செட்டில் 31 காய்கள் இருந்தன. கறுப்புக் குதிரை ஒன்று இல்லை. வெள்ளைக் காய்கள் பாக்ஸ்வுட் என்ற வெளிர் நிற மரம், கறுப்புக் காய்கள் கருங்காலி. ராஜாவின் உயரம் 89 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம். இரண்டு ராஜாக்களின் அடி விளிம்பிலும் 'ஜேக்ஸ் லண்டன்' என்ற தயாரிப்பாளர் அச்சு தெரிந்தது. பெட்டி இருந்தது, மூடியின் உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய சீட்டு இல்லை.

ஸ்டான்டன் வடிவம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நதானியல் குக் என்பவர் அந்த வடிவத்தை 1849 மார்ச் 1 அன்று இங்கிலாந்தில் பதிவு செய்தார். ஜேக்ஸ் நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைய பெரிய ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டான்டன் தன் பெயரைக் கொடுத்தார். அதற்கு முன்பு ஊருக்கு ஒரு வடிவம். எதிராளியின் காய்களைப் பார்த்தால் எது பிஷப், எது ராணி என்றே குழம்பும். இன்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே போட்டிகளுக்குப் பரிந்துரைப்பதும் இந்த வடிவத்தைத்தான். ஆக, நூற்றாண்டு தாண்டிய செட்டாக இருந்தாலும் இன்றைய போட்டி மேஜையில் அது அந்நியமாகத் தெரியாது. சொந்தக்காரரின் ஆசை அங்கேதான் தொடங்கியது. காணாமல் போன குதிரைக்குப் பதில் ஒன்று வேண்டும். அதோடு, ஆடுவதற்கென்று முழு செட்டையும் படியெடுக்க வேண்டும். மூலம் பெட்டிக்குள் ஓய்வெடுக்கட்டும்.

இரண்டும் வேறு வேறு வேலைகள். நாங்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினோம்.

முதல் நாள் மேஜையில்

காய்களைத் துடைக்கவில்லை, மெருகேற்றவில்லை. இதில் சொந்தக்காரர் கண்டிப்பானவர். வெள்ளைத் துணி விரித்து வரிசையாக நிறுத்திப் பார்த்தோம்.

ராஜா பக்கத்து யானைகளின் மேல்தட்டிலும் குதிரைகளின் தலையிலும் சின்னதாக ஒரு கிரீட முத்திரை இருந்தது. (நாம் யானை என்பது அந்த வடிவத்தில் கோட்டைக் கோபுரம், பழக்கம் விடுகிறதா என்ன.) அந்தக் காலத்து ஆங்கிலக் குறிப்பு முறையில் 'ராஜாவின் குதிரை', 'ராணியின் குதிரை' என்று பிரித்து எழுதுவார்கள். ஆட்டத்தின் நடுவே எது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முத்திரை. எஞ்சியிருந்த கறுப்புக் குதிரையின் தலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கிரீடத்தின் பாதி தெரிந்தது. ஆகவே காணாமல் போனது ராணியின் குதிரை. புதிதாகச் செய்யும் குதிரைக்கு முத்திரை தேவையில்லை. பெரிய நிம்மதி அது. முத்திரையையும் போலியாகக் குத்த வேண்டியிருந்தால் அன்றைக்கே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கும்.

இரண்டாவது விஷயம் குதிரைகள். மூன்றும் ஒரே செட், ஒரே வயது. ஆனால் வெள்ளைக் குதிரைகள் இரண்டும் ஒரு கை, கறுப்பு வேறு கை. வெள்ளையில் பிடரி மயிர் ஆழமான கோடுகளாக இறங்கியது. கறுப்பில் கோடுகள் குறைவு, தாடைக்குக் கீழே குழிவு அதிகம், காதுகள் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தன. இதை நான் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது, ஒரு சிப்பாயின் அடியில் பழைய ஃபெல்ட் துணி பாதி பெயர்ந்து கிடந்தது. உள்ளே ஈயம். மேஜை ஆட்டத்தில் காய் சாயாமல் நிற்பதற்காக அடியில் துளையிட்டு ஈயம் நிரப்புவது பழைய வழக்கம். ராஜாவின் துணியும் ஓரத்தில் விட்டிருந்ததால் அதையும் பார்க்க முடிந்தது. 41 மி.மீ. அகல அடிப்பகுதியில் ஈயத்தின் விட்டம் 15 மி.மீ.தான். சுற்றிலும் நல்ல தடிப்பாக மரம். இதையும் குறிப்பேட்டில் எழுதினேன்.

அளவெடுப்பு

சொந்தக்காரர் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தார். வெர்னியர் காலிப்பரில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு முறை பிடித்து எழுதியது. நான் சரிபார்க்க உட்கார்ந்தபோது ராஜாவின் அடிவிட்டம் அவர் எழுதியதைவிட 0.6 மி.மீ. குறைவாக வந்தது. அவர் பிடித்தபோது சரியாக வந்தது. இரண்டு பேரும் காலிப்பரைச் சந்தேகப்பட்டோம். அப்புறம்தான் காயைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கத் தோன்றியது. அடிப்பகுதி வட்டமாக இல்லை. ஒரு பக்கம் 41.3, அதற்குக் குறுக்கே 40.7.

மரவேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. நீளவாக்கில் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை. ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே ஓரளவு. வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. காய்களை நார் மேல்நோக்கி நிற்கும்படி கடைவதால் அடித்தட்டில் தெரிவது மரத்தின் குறுக்குவெட்டு. கடைசல் இயந்திரத்திலிருந்து இறங்கிய அன்று வட்டமாக இருந்தது, காலப்போக்கில் நீள்வட்டமாகிவிடும். உயரம் மட்டும் அப்படியே நிற்கும். பழைய காய் என்று சொல்லி வரும் ஒன்றின் அடிப்பகுதி துல்லியமான வட்டமாக இருந்தால், அதை இன்னொரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் கைமுறை சோதனை. அது ஒன்றே போதாது, ஆனால் நல்ல தொடக்கம்.

எந்த அளவைப் பட்டறைக்குக் கொடுப்பது? அவர் சராசரி என்றார். நான் பெரிய அளவு என்றேன். கடைந்த அன்று இருந்த விட்டம் இரண்டையும்விடப் பெரிதாகத்தான் இருந்திருக்கும். பெரிய எண் அதற்குப் பக்கத்தில் வரும். ஒவ்வொரு காயையும் நான்கு திசையில் பிடித்து, பெரிய எண்ணையே எழுதினோம். இந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

உயரத்தில் ஒரு தயக்கம் இருந்தது. ஃபிடே பரிந்துரைக்கும் ராஜாவின் உயரம் 95 மி.மீ. எல்லாவற்றையும் அதற்கேற்பப் பெரிதாக்கலாமா என்று யோசித்தோம். ஆனால் அதே விதி 10 சதவீதம் வரை கூடக் குறைய அனுமதிக்கிறது. 89 அதற்குள் அடங்கும். அடிவிட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறார்கள், நம்முடையது 46. சரி, மூலத்தின் அளவே இருக்கட்டும் என்று விட்டோம்.

ஒற்றைக் குதிரை

மூலக் குதிரையைக் கூரியரில் அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே ஒன்று தொலைந்த செட்டில் இரண்டாவதையும் யார் அனுப்புவார்கள்? சிலிகான் அச்சு எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பழைய மெருகோடு சேர்ந்து பெயர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கைவிட்டோம். முப்பரிமாண ஸ்கேன் எடுத்து பிளாஸ்டிக்கில் அச்சிட்டு அனுப்புவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் முதல் சறுக்கல். பளபளக்கும் கறுப்புப் பொருளை ஸ்கேனர் சரியாகப் பார்க்காது. வழக்கமாக மேலே வெள்ளைப் பொடி தூவி எடுப்பார்கள். பொடி தூவ அவர் விடவில்லை, நியாயம்தான். 'குதிரைதானே, வெள்ளையை எடுத்து அனுப்புவோம், கருங்காலியில் செதுக்கிவிடட்டும்' என்று ஒரு மாலையில் பேசி முடித்தோம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் கை வேறு என்று என் குறிப்பேட்டிலேயே இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் குதிரை வந்தது. வேலை சுத்தம். ஆனால் பழைய கறுப்புக் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் இரண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது. பந்தியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி. வெள்ளைக் குதிரைக்குக் கறுப்பு வேட்டி கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றார் அவர். இன்னொன்றும் கண்ணில் பட்டது. விளிம்புகள் எல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. பழைய காயில் கழுத்துக்குக் கீழே உள்ள வளையத்தை நகத்தால் வருடினால் விளிம்பு தட்டும். புதியதில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சக்கரத்தில் வைத்து மெருகேற்றியதன் விளைவு. பட்டறையைக் குறை சொல்ல முடியாது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் கேட்பது அந்தப் பளபளப்பைத்தான். வேண்டாம் என்று நாங்கள் எழுதவில்லை.

இரண்டாவது முயற்சிக்கு அவர் மூலக் குதிரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார். இப்படிப்பட்ட பட்டறைகளில் குதிரைக்கென்று தனிச் செதுக்குநர் இருப்பார். மற்ற காய்கள் கடைசலில் முடிந்துவிடும். குதிரையின் தலையைக் கையால் செதுக்கித்தான், கடைந்த அடிப்பகுதியில் பொருத்த வேண்டும். அந்தச் செதுக்குநர் காயை வாங்கி முதலில் பார்க்கவே இல்லையாம். கட்டைவிரலைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திப் பார்த்தார். 'இந்தக் குழிவு வளைந்த உளியால் ஒரே இழுப்பில் எடுத்தது. நாங்கள் அரம் போட்டு எடுக்கிறோம், அதனால்தான் சப்பையாகிறது' என்றார். ஸ்கேன் செய்த மாதிரியில் அந்தக் குழிவின் வடிவம் இருந்தது. எந்தக் கருவியால் எடுத்தது என்பது இல்லை. இரண்டு நாளில் மூன்று தலைகள் செதுக்கினார். மூன்றாவதைச் சொந்தக்காரர் கொண்டுவந்தார். உப்புத்தாள் இல்லை, உளித்தடம் அப்படியே.

புதிய குதிரையின் அடியில், ஃபெல்டுக்குள்ளே, மரத்திலேயே செய்த ஆண்டைச் சூடு போட்டுப் பொறித்தோம். துணியில் எழுதினால் துணி மாறும் அன்று வரலாறும் போய்விடும்.

முழு செட்: எடுத்த முடிவுகள்

ஜேக்ஸ் பெயரைப் பொறிப்பதில்லை என்பதில் விவாதமே இல்லை. கிரீட முத்திரை மட்டும் ஆட்டத்துக்குப் பயன்படும் அடையாளம் என்பதால் இருக்கட்டும் என்றார் சொந்தக்காரர். நான் அரை மனதாக ஒப்புக்கொண்டேன்.

பழமை ஏற்றுவதா என்பது அடுத்தது. புதிய வெள்ளைக் காய் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும். பழையது தேன் நிறம். சாயம் ஏற்றி, விளிம்புகளைத் தட்டி, நூறு வருடம் ஆன மாதிரி தருகிறோம் என்று பட்டறை சொன்னது. வேண்டாம் என்றோம். ஆடும் செட்டுக்கு அது தேவையில்லை. நம் கையை விட்டுப் போன பிறகு யார் யாரிடம் என்ன சொல்லி விற்பார்கள் என்று தெரியாது. 'பாக்ஸ்வுட்' என்று பட்டறைகள் சொல்வது பெரும்பாலும் ஐரோப்பிய பாக்ஸ்வுட் அல்ல, வேறு உள்ளூர் மரம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொண்டோம்.

கறுப்புக்கு மூலத்தைப் போலவே கருங்காலி. விலை குறைந்த செட்டுகளில் ஜேக்ஸே பாக்ஸ்வுட்டுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறது என்பது தெரிந்தும், அந்த வழியை யோசிக்கவில்லை. கௌரவப் பிரச்சினை.

பிறகு எடை. பழைய ராஜாவைத் தராசில் வைத்தால் 52 கிராம். இன்றைய போட்டிக்காரர்களுக்குக் கையில் கனம் தெரிய வேண்டும். 'மூலத்தைவிடக் கனமாக, ராஜா 75 கிராமுக்குக் குறையாமல்' என்று கடிதத்தில் எழுதினேன். உயரம், விட்டம், வளையங்களின் எண்ணிக்கை எல்லாம் மூலத்தின்படி. எடை மட்டும் எங்கள் இஷ்டப்படி.

பதினோராவது வாரம்

செட் வந்து முதல் இரண்டு மாதம் குறையே இல்லை. வாரம் ஒரு முறை ஆடினார்கள். குளிர்சாதன அறையில், உலர்ந்த காற்றில், கண்ணாடி அலமாரிக்கு மேலே வைத்திருந்தார். பதினோராவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். கறுப்பு ராஜாவின் அடி விளிம்பில் ஒரு கோடு, நகம் நுழையும் அளவுக்கு. நான் போய்ச் சேர்வதற்குள் கறுப்பு யானைகள் இரண்டிலும் ஒவ்வொன்று. வெள்ளைக் காய்களில் எதுவும் இல்லை. 'கருங்காலி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்' என்றார். சிரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

துணியைப் பிரித்தோம். மூன்றிலும் விரிசல் ஈயத் துளையின் விளிம்பில் தொடங்கி நேராக வெளி விளிம்புக்கு ஓடியிருந்தது. ராஜாவின் துளை 24 மி.மீ. மூலத்தில் 15. நாங்கள் கேட்ட எடை வேண்டுமென்றால் பட்டறைக்கு வேறு வழியில்லை. துளையை அகலப்படுத்தி, உலோகத்தை இறுக்கி, பசை ஊற்றியிருந்தார்கள். உள்ளே உலோகம் சுருங்காது. சுற்றியுள்ள மரம் சுருங்கும். மரம் மெல்லிய வளையமாக இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். கருங்காலி அடர்த்தியான மரம், உலர நாளாகும், விரிசலுக்குப் பேர்போனது. யானைகளின் மேல்பகுதியும் தடிமனாக இருப்பதால் அவை அடுத்து விழுந்தன.

மரம் சரியாக உலரவில்லை என்று பட்டறையைக் குற்றம் சொல்லலாமா என்று பார்த்தோம். விரிசல் விடாத இரண்டு கறுப்புக் காய்களின் ஈயத்தை எடுத்துவிட்டு, நகை எடைபோடும் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்தோம். முதல் ஐந்து வாரம் எடை குறைந்துகொண்டே வந்தது, பிறகு நின்றது. ஆக, மரத்தில் ஈரம் இருந்தது உண்மை. ஆனால் துளை 15 மி.மீ.யாக இருந்திருந்தால் இதே மரம் தாக்குப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். பழியைப் பங்கு போட்டால் பெரிய பங்கு கடிதம் எழுதியவனுக்கு.

அதற்குப் பிறகு

விரிசலை உடனே அடைக்கவில்லை. மரம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று விடும். ஈரம் ஏறும் பருவத்தில் அடைப்பு நெருக்கி மரத்தைப் பிளக்கும். எடை நிலைக்கும்வரை காத்திருந்தோம். பட்டறைக்காரரிடம் தராசுக் குறிப்புகளையும் துளை அளவுகளையும் அப்படியே அனுப்பினோம். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. கறுப்புக் காய்கள் பதினாறையும் மாற்றித் தருகிறேன், மர விலை மட்டும் கொடுங்கள் என்றார். கொடுத்தோம்.

இரண்டாவது தொகுப்புக்கு எழுதியது சுருக்கமான கடிதம். ராஜா 55 கிராமுக்கு மேல் வேண்டாம். துளை 15 மி.மீ. உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு மெழுகில் நிறுத்தவும். காய்களைத் தோராயமாகக் கடைந்து சில மாதம் கிடப்பில் போட்டு, பிறகு இறுதியாகக் கடையவும். ஏழு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காய்கள் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஒரு யானையில் மட்டும் மயிரிழைக் கோடு, வளரவில்லை. விரிசல் விட்ட பழைய ராஜாவில் கருங்காலிச் சில்லைச் செருகி அடைத்து நானே வைத்துக்கொண்டேன். கனமாகத்தான் இருக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. போட்டி ஒன்றில் இந்தப் படி செட்டைப் புகைப்படம் எடுத்த ஒருவர், கிரீட முத்திரையைப் பார்த்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மூலம் என்று நண்பர்களுக்குப் படத்தை அனுப்பிவிட்டார். இரண்டு பேர் வாங்கிக்கொள்ளவா என்று கேட்டு வந்தார்கள். படி செட்டிலும் ஆண்டு பொறித்தது துணிக்கு அடியில்தான். படத்தில் தெரிந்தது கிரீடம் மட்டும். சொந்தக்காரர் உண்மையைச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிறகு அந்தப் பெட்டி யார் கையில் இருக்கும் என்பது வேறு கேள்வி.

இன்று செய்வதாக இருந்தால்

குதிரை வேலையையும் முழு செட்டையும் தனித்தனிக் கடிதமாக, தனித்தனிக் காலத்தில் கொடுப்போம். குதிரை மூலத்தோடு ஒட்ட வேண்டும். படி செட் தனக்குள் ஒத்திருந்தால் போதும். இரண்டையும் சேர்த்ததால்தான் வெள்ளைக் குதிரையின் ஸ்கேன் இரண்டுக்கும் போதும் என்று தோன்றியது.

முதல் நாள் குறிப்பேட்டைக் கடிதம் எழுதும் மேஜையில் திறந்து வைத்துக்கொள்வோம். கை வேறுபாடும் 15 மி.மீ. துளையும் அதில் இருந்தவை.

ஆடும் செட்டின் கறுப்புக்கு, கௌரவம் பார்க்காமல், சாயம் ஏற்றிய பாக்ஸ்வுட்டைக் கேட்போம்.

கிரீடத்தை விட்டுவிடுவோம், அல்லது ஆண்டையும் அடி விளிம்பில் வெளியே தெரியும்படி பொறிப்போம். இருக்கும் செட்டிலேயே அதைச் செய்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளை, நாளை என்று அவர் தள்ளிப்போட்டு வருகிறார்.